க்ளிம்ட்டின் ‘முத்தம்’ அலுமினியத் தகட்டில்: எந்த அச்சு, எந்தத் தகடு, எப்படித் துடைப்பது?

திண்ணைவாசி

எல்லோருக்கும் வணக்கம். திருவான்மியூர் பக்கம் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். ஹாலில் சோபாவுக்கு மேல் ஒரு பெரிய சுவர் காலியாகக் கிடக்கிறது. வீட்டம்மாவுக்கு ஆஸ்திரிய ஓவியர் குஸ்தாவ் க்ளிம்ட்டின், தங்க ரேக்கு மின்னும் ‘முத்தம்’ ஓவியத்தின் மேல் கல்லூரிக் காலத்திலிருந்தே ஆசை. கேன்வாஸில் அச்சடிக்க விசாரிக்கப் போனால் கடைக்காரர், “மெட்டல் பிரிண்ட் போடுங்க சார், தங்கம் மாதிரி மினுக்கும், தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது” என்கிறார். அடுத்த தெருக் கடையில் அதே அளவு பாதி விலை. கேட்டால் அதுவும் மெட்டல் பிரிண்ட்தானாம்.

நான் யோசித்திருக்கும் அளவு 90 செ.மீ. சதுரம். சுவருக்கு நேர் எதிரே கிழக்குப் பார்த்த பால்கனி, காலை வெயில் உள்ளே வரும். கடல் நடந்து போகிற தூரம்தான். காசு கொடுப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும், வாங்கிய பிறகு எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_வந்தேன்

ஹாலில் ‘முத்தம்’. மாமனார் ஊரிலிருந்து வரும்போது எந்த நாற்காலியில் உட்கார வைப்பீர்கள் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள் பாஸ்.

மைக்கூடு

திண்ணை சார், கோவையில் பிரிண்டிங் லேப் நடத்துகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டு கடைக்காரரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ‘மெட்டல் பிரிண்ட்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சரக்குகள் ஓடுகின்றன.

முதல் வகை சப்ளிமேஷன். படத்தை நேராகத் தகட்டில் அடிப்பதில்லை. கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி ஒரு டிரான்ஸ்ஃபர் காகிதத்தில் அடித்து, அதைப் பூச்சு போட்ட அலுமினியத் தகட்டின் மேல் கவிழ்த்து, ஹீட் பிரஸ்ஸில் சுமார் 200 டிகிரி செல்சியஸில் அழுத்துவோம். சாயம் ஆவியாகி அந்தப் பூச்சுக்குள் இறங்கி உறைந்துவிடும். வெறும் அலுமினியம் சாயத்தைப் பிடிக்காது, பிடிப்பது மேலே இருக்கும் பாலிமர் பூச்சுதான். அதனால் தகட்டின் தரம் என்றால் பூச்சின் தரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்கப் பெரிய லேப்கள் பயன்படுத்தும் தகடு குரோமாலக்ஸ். கனம் 1.14 மி.மீ. பிரஸ்ஸுக்குப் போகும் முன் அந்தக் காகிதத்தைப் பார்த்தால் நிறம் செத்துப்போய் இருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் பதறிவிடுவார்கள். சூடு பட்டதும் எழுந்து நிற்கும்.

இரண்டாவது யூவி. ஃபிளாட்பெட் மெஷினில் ஏசிபி ஷீட்டைப் படுக்க வைத்து நேரடியாக மையைத் தெளித்து, புற ஊதா விளக்கால் அங்கேயே உலர்த்துவது. ஏசிபி முழு அலுமினியம் கிடையாது. நடுவில் பிளாஸ்டிக், இரு புறமும் மெல்லிய அலுமினியத் தோல். டைபாண்ட் என்று வெளிநாட்டில் சொல்வது இதே இனம்தான். அதன் 3 மி.மீ. ஷீட்டில் அலுமினியம் ஒரு புறத்துக்கு 0.3 மி.மீ. மட்டுமே. யூவி மை பரப்பின் மேலே உட்கார்ந்திருக்கும், விரலால் தடவினால் தெரியும். சப்ளிமேஷன் அளவுக்கு ஆழமும் பளபளப்பும் வராது, கீறலும் எளிதில் விழும். ஆனால் இதில் வெள்ளை மை உண்டு. உங்கள் படத்துக்கு இது பெரிய விஷயம், பிறகு வருகிறேன்.

மூன்றாவது, ஏசிபி மேல் வினைல் ஸ்டிக்கர் ஒட்டி லேமினேஷன் போட்டுத் தருவது. கடைப் பெயர்ப்பலகைக்கு அருமையான பொருள். ஹாலில் கலைப்படமாக மாட்டக் கூடாது. பாதி விலை சொன்ன கடையில் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு படலத்தின் விளிம்பு தட்டுப்பட்டால் ஸ்டிக்கர். சப்ளிமேஷனில் பிரித்தெடுக்க எந்தப் படலமும் இருக்காது.

திண்ணைவாசி

மைக்கூடு சார், ரொம்ப நன்றி. சப்ளிமேஷன்தான் மேல் என்று புரிகிறது. அப்புறம் எதற்கு வெள்ளை மை? படத்தில் வெள்ளை நிறமே அதிகம் இல்லையே?

மைக்கூடு

சப்ளிமேஷனில் வெள்ளை மையே கிடையாது. வெள்ளை எங்கிருந்து வரும் என்றால், அடியில் இருக்கும் தகட்டின் நிறத்திலிருந்து. வெள்ளைப் பூச்சுத் தகடு எடுத்தால் படம் நல்ல போட்டோ காகிதத்தில் அடித்ததுபோல் சரியான நிறத்தில் வரும். தங்கம் மட்டும் காவி மஞ்சளாகவே நிற்கும், மினுங்காது. புத்தகத்திலும் போஸ்டரிலும் பார்க்கும் தங்கம்தான் அது.

நிறமற்ற பூச்சுத் தகடு எடுத்தால் அலுமினியம் ஊடே தெரியும். மஞ்சள் சாயத்துக்குக் கீழே வெள்ளி இருப்பதால், நீங்கள் நகர நகரத் தங்கம் மின்னும். கடைக்காரர் காட்டிய மாதிரி இதுவாகத்தான் இருக்கும். சிக்கல் என்னவென்றால் படத்தில் வெளிர் நிறம் உள்ள எல்லா இடமும் வெள்ளியாகிவிடும். அந்தப் பெண்ணின் முகம், தோள், கை எல்லாம். முகம் எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கும், சும்மா சொல்லவில்லை.

அதனால்தான் யூவி. முகம், கைகால், பூக்களில் வெளிர் நிறம் உள்ள இடங்களுக்கு மட்டும் அடியில் வெள்ளை மை போட்டு அதன் மேல் நிறம் அடிக்கலாம். தங்கப் பகுதிகளில் வெள்ளையை விட்டுவிட்டால் அலுமினியம் மின்னும். எங்கே வெள்ளை, எங்கே வேண்டாம் என்று ஃபைலில் தனி லேயராக மாஸ்க் வெட்ட வேண்டும். அதற்குப் பொறுமையுள்ள ஆள் தேவை. எல்லா லேப்பும் செய்ய மாட்டார்கள், செய்தால் கூலி தனி.

கல்யாணிராகம்

மன்னிக்கணும், கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடுகிறேன். பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன். உலோகத்தில் அடித்த ஓவிய நகல்களில் எனக்குப் பாதிக்கு மேல் பிடித்ததில்லை. வான்கோவின் ‘சைப்ரஸ் மரங்களுடன் கோதுமை வயல்’ நியூயார்க் மெட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1889இல் வரைந்தது. சாயத்தை அப்பி அப்பி வைத்திருப்பார், தூரிகைத் தடம் மேடாக நிற்கும். அதைக் கண்ணாடி போன்ற பளபளத் தகட்டில் அடித்தால் மேட்டின் நிழல் மட்டும் தட்டையாகத் தெரியும், மேலே உங்கள் வீட்டு டியூப்லைட் தெரியும். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘பேரலை’யும் அப்படித்தான். அது மரக்கட்டையில் செதுக்கிக் காகிதத்தில் ஒற்றி எடுத்தது, காகிதத்தின் பழுப்பும் படத்தில் சேர்த்தி. அந்தப் பழுப்பை நிறமாக மாற்றி அலுமினியத்தில் ஒட்டினால் கைபேசி வால்பேப்பர் மாதிரி ஆகிவிடுகிறது.

நல்ல பருத்திக் காகிதத்தில் பிக்மென்ட் மையில் அடித்து, மவுன்ட் வைத்து, ஃபிரேம் போடுங்கள். படத்துக்கு ஒரு மரியாதை கிடைக்கும்.

உப்புக்காற்று

கல்யாணி மேடம், காகிதத்துக்கு நானும் கைதட்டுவேன், ஆனால் அவர் வீடு கடலோரம். நான் இருப்பது தூத்துக்குடி. இங்கே கண்ணாடி ஃபிரேமுக்குள் மாட்டிய காகிதப் படங்களில் ஐப்பசி கார்த்திகை தாண்டியதும் பூஞ்சைப் புள்ளி வராத வீடு குறைவு. கண்ணாடியும் காகிதமும் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவும் முடியாது. கேன்வாஸ் ஈரத்தில் தளரும், வெயிலில் இறுகும். பூஞ்சையைப் பொறுத்தவரை தகடுதான் நிம்மதி. தகட்டுக்கு வேறு நோய் உண்டு, அதைச் சாயங்காலம் விரிவாக எழுதுகிறேன். வேலையே அரிமானத் தடுப்புப் பூச்சுதான்.

கல்யாணிராகம்

ஒப்புக்கொள்கிறேன், ஈரத்துக்கு என்னிடம் பதில் இல்லை. எல்லா ஓவியத்துக்கும் உலோகம் ஆகாது என்பதுதான் என் கட்சி, எதற்குமே ஆகாது என்று சொல்லவில்லை.

ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செப்புத் தகட்டின் மேலேயே எண்ணெய் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். ஆடம் எல்ஷைமரின் ‘எகிப்துக்குத் தப்பிச் செல்லுதல்’, 1609, மியூனிக்கின் ஆல்ட்டே பினக்கொதேக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நிலவும் பால்வீதியும் உள்ள இரவுக் காட்சி, மொத்தமே 31 × 41 செ.மீ. மூத்த யான் புரூகலும் செம்பில் நிறைய வரைந்தவர். துணியின் நெசவு குறுக்கே வராததால் ஊசிமுனை நுணுக்கம் வரை போக முடிந்தது. அந்த வகைப் படங்களை மூல அளவிலேயே சப்ளிமேஷனில் அடித்துப் பாருங்கள், நானே வாங்கிக்கொள்வேன். யாரும் அடிப்பதில்லை, எல்லோருக்கும் வான்கோவின் ‘நட்சத்திர இரவு’தான் வேண்டும்.

க்ளிம்ட் விஷயத்துக்கு வருகிறேன். அவர் அப்பா தங்கத்தில் செதுக்கு வேலை செய்தவர். 1903இல் இத்தாலியின் ராவென்னாவுக்குப் போய் அங்குள்ள பைசாந்தியத் தங்க மொசைக்குகளைப் பார்த்து வந்தார். அதற்குப் பிறகு வந்தவைதான் பெரிய தங்கப் படங்கள். ‘முத்தம்’ 1907–08. அதில் தங்கத்தோடு வெள்ளி, பிளாட்டின ரேக்குகளும் உண்டு. மைக்கூடு சார் சொன்ன ‘வெள்ளியின் மேல் மஞ்சள்’ வித்தையும் பழசுதான். அந்தக்கால ஐரோப்பிய மாளிகைச் சுவர்களுக்குத் தைத்த பொன் தோல்களில் பொன்னே கிடையாது. வெள்ளி ரேக்கு ஒட்டி மேலே மஞ்சள் வார்னிஷ் பூசியிருப்பார்கள். ஆக, அலுமினியத்தின் மேல் மஞ்சள் சாயம் என்பதைப் போலி என்று நான் திட்ட மாட்டேன். இந்த ஒரு படத்துக்கு உலோகம் பொருந்தும். முகம் மட்டும் வெள்ளியாகக் கூடாது.

சும்மா_வந்தேன்

டீச்சரே கட்சி மாறிட்டாங்க. இழையைப் பூட்டிடலாமா?

வியன்னாவாசி

பூட்டாதீர்கள், ஒரு வார்த்தை இருக்கிறது. வியன்னாவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் ‘முத்தம்’ மாட்டியிருக்கும் மேல் பெல்வெடேர் மாளிகை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவது என் தலையில் விழும். அதனால் மூலப்படத்தைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லலாம்.

ஒன்று, அளவு. மூலம் 180 செ.மீ. சதுரம். நீங்கள் யோசிக்கும் 90 சரியாக நீள அகலத்தில் பாதி, பரப்பில் கால். ஆணின் அங்கியில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், பெண்ணின் உடையில் வட்டங்கள் இவையெல்லாம் 90இல் கண்ணுக்கு நன்றாகவே பிடிபடும். 45க்கு இறக்கினால் வெறும் அலங்காரத் துணி மாதிரி ஆகிவிடும். இங்கே நினைவுப்பொருள் கடைகளில் குடை, கோப்பை, கண்ணாடிப் பெட்டி என்று அந்த மாதிரிச் சின்ன அளவில்தான் விற்கிறார்கள்.

இரண்டு, பின்னணி. நகல்களில் பின்னணி ஒரே பளீர் மஞ்சளாக வந்துவிடுகிறது. மூலத்தில் அது மங்கிய பழுப்பு, அதில் பொன் துகள் தூவினாற்போல் இருக்கும். இருவரைச் சுற்றியிருக்கும் தங்கமும் பின்னணியும் ஒரே அளவில் மின்னினால் ஆட்கள் காணாமல் போய்விடுவார்கள். மைக்கூடு சாரிடம் கேட்கிறேன்: பின்னணிக்கு அடியில் லேசாக வெள்ளை கொடுத்து மினுக்கத்தைக் குறைக்க முடியுமா?

மைக்கூடு

முடியும். வெள்ளையை முழுக்கவோ, பாதி அடர்த்தியிலோ அடிக்கலாம். முகத்துக்கு 100 சதவீதம், பின்னணிக்கு 40–50, அங்கிகளின் தங்கத்துக்கு பூஜ்யம் என்று மாஸ்க்கில் சாம்பல் அளவு வைத்துக்கொடுத்தால் மெஷின் கேட்டுக்கொள்ளும். நல்ல யோசனை சார், எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று, யூவிக்கு எடுக்கும் அலுமினிய ஷீட்டில் பிரஷ்டு என்று கோடு கோடாகத் தேய்த்த வகை உண்டு. அதன் கோடுகள் ஒரு திசையில்தான் மின்னும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கிறதா எதிரில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து, நிலைக்குத்தாகவா கிடையாகவா என்று முடிவு செய்ய வேண்டும். ஷீட்டை ஜன்னலுக்கு எதிரே நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெட்டிக்கடை

ஃபைல் எங்கிருந்து எடுப்பது? கூகுளில் தேடினால் ஆயிரம் ‘முத்தம்’ வருகிறது, ஒன்று ஆரஞ்சு, ஒன்று பச்சை. தவிர, இப்படி அச்சடித்து விற்றால் காப்புரிமைப் பிரச்சினை வருமா? நானும் சின்னதாக ஆரம்பிக்கலாம் என்று பார்க்கிறேன்.

வியன்னாவாசி

நிறம் பற்றி ஒரு பிரபலமான கதையே உண்டு. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெர்மீரின் ‘பால்காரி’ படத்துக்கு இணையத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் நகல்கள், பெரும்பாலும் மஞ்சளடித்தவை. அதையே பார்த்துப் பழகியவர்கள், அருங்காட்சியகக் கடையில் சரியான நிறத்தில் விற்ற அஞ்சலட்டையை நம்ப மறுத்தார்களாம். 2011இல் ஐரோப்பியானா அமைப்பு இதை ‘மஞ்சள் பால்காரிப் பிரச்சினை’ என்றே எழுதியது. பிறகு அருங்காட்சியகமே நல்ல தரத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளத் திறந்துவிட்டது. மெட் 2017 பிப்ரவரியில் திறந்தது, சிகாகோ கலைக்கழகம் 2018இல். எந்தப் படமானாலும் அதை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் தளத்தில் தொடங்குங்கள். பெல்வெடேரின் இணையத் தொகுப்பில் ‘முத்தம்’ இருக்கிறது.

தற்செயலாக இன்னொன்று: 2022 காதலர் தினத்தையொட்டி பெல்வெடேர் இந்தப் படத்தின் டிஜிட்டல் வடிவத்தைப் பத்தாயிரம் சதுரமாக நறுக்கி என்எஃப்டி (டிஜிட்டல் உரிமைச் சான்று) என்று விற்றது. துண்டு ஒன்று 1,850 யூரோ. தகட்டில் அடித்து மாட்டுவது எவ்வளவோ மேல்.

மைக்கூடு

பிக்சல் கணக்கு: 90 செ.மீ.க்கு 200 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 200 புள்ளி என்றால் ஒரு பக்கம் சுமார் 7,100 பிக்சல். ஹாலில் ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அது தாராளம். 150 வந்தாலும் பரவாயில்லை. வாட்ஸாப்பில் மட்டும் அனுப்பாதீர்கள், அது நசுக்கிவிடும். ஃபைலை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிற அமைப்பில் கொடுங்கள், லேப் வேறு கேட்டால் ஒழிய. கணினித் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டு நிறம் பாருங்கள், இல்லாவிட்டால் “அச்சு இருட்டா இருக்கே” என்று எங்களோடு சண்டைக்கு வருவீர்கள். பெரிய தகடு அடிக்கும் முன், முகமும் அங்கியும் சேர்ந்த பகுதியை மட்டும் ஏ4 துண்டில், பெரிய தகட்டில் வரப்போகும் அதே அளவில் அடித்து வாங்கிப் பாருங்கள். முழுப் படத்தைச் சுருக்கி ஏ4இல் அடித்தால் அதில் ஒன்றும் தெரியாது.

கல்யாணிராகம்

பெட்டிக்கடை தம்பி, காப்புரிமை: இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கணக்கு. க்ளிம்ட் 1918இல் போய்விட்டார், ரவிவர்மா 1906. இரண்டு பேரும் பிரச்சினை இல்லை. ஆனால் வங்க ஓவியர் யாமினி ராய் 1972இல் மறைந்தவர், 2032 முடியும் வரை உரிமை உண்டு. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1977, அவருக்கு 2037 வரை. ‘பழைய படம்தானே’ என்று எடுத்து விற்காதீர்கள். ஓவியம் உரிமை முடிந்ததானாலும், நீங்கள் எடுக்கும் தளத்தின் நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

ரவிவர்மா என்றதும் நினைவு வருகிறது: 1894இல் பம்பாயில் அச்சகமே வைத்து வீடு வீடாகத் தெய்வப் படங்களைச் சேர்த்தவர். அவருடைய அந்த ஓலியோகிராஃப்கள், அதாவது வண்ண அச்சுப் படங்கள், பிறவியிலேயே நகல்கள்தான். அவற்றை வெள்ளைப் பூச்சுத் தகட்டில் அடித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உப்புக்காற்று

சொன்னபடி வந்துவிட்டேன், நீளமாக இருக்கும்.

முதலில் வெயில். கடைகளில் “அறுபது வருஷம் மங்காது” என்பார்கள். அமெரிக்காவின் வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் போன்ற ஆய்வகங்கள் தரும் ஆயுள் கணக்குகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கின் அடிப்படை, வீட்டுக்குள் 450 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) தினம் 12 மணி நேரம். பெருக்கினால் நாளைக்கு 5,400 லக்ஸ் மணி. நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். காலை வெயில் கண்ணாடி தாண்டி 40,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரம் பட்டால் ஏழு நாள் கணக்கை ஒரே காலையில் செலவழித்துவிடுகிறது. அறுபது வருஷம் எத்தனை வருஷமாகச் சுருங்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அருங்காட்சியகங்களில் காகித ஓவியத்துக்கு 50 லக்ஸ்தான் கொடுப்பார்கள். ஆகவே திண்ணை சார், பால்கனிக்கு நேர் எதிர்ச் சுவர் வேண்டாம். வடக்கு தெற்குச் சுவர் எதையாவது பாருங்கள். வேறு வழியே இல்லையென்றால் கண்ணாடிக் கதவில் புற ஊதாவைத் தடுக்கும் ஃபிலிம், காலையில் திரைச்சீலை. சுவர் மாறினால் பளபளப்பில் வானம் தெரிகிற தொல்லையும் போய்விடும்.

அடுத்து உப்பு. அலுமினியம் இரும்புபோல் செந்துரு பிடிக்காது என்பது உண்மை, தன் மேல் தானே ஆக்சைடு படலம் போட்டுக்கொள்ளும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாக உடைக்கும். தகட்டின் முகப்பில் பூச்சு இருப்பதால் அங்கே பயமில்லை. வெட்டிய ஓரத்தில் பூச்சு கிடையாது. ஈரமும் உப்பும் ஓரத்தில் தங்கினால் அங்கிருந்து பூச்சுக்கு அடியில் நூல் நூலாக அரிமானம் உள்ளே நகரும். வந்துவிட்டால் துடைத்துச் சரிசெய்ய முடியாது. கடலோர வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது: ஓரங்களுக்கு நிறமற்ற லாக்கர் மெல்லிசாக ஒரு கோட் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது ஓரத்தை மூடும் பள்ளமுள்ள ஃபிரேம் போடுங்கள். பால்கனியிலேயே மாட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். சாதாரணத் தகடு உள்ளறைக்கு மட்டும்தான், வெளிப்புறத்துக்கென்று தனித் தகடு உண்டு.

சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் முக்கால் அங்குலமாவது இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஓதம் காத்தால் பின்பக்கம் காற்றோட வேண்டும். படம் சுவரிலிருந்து விலகி மிதப்பதுபோல் அழகாகவும் இருக்கும்.

திண்ணைவாசி

அப்பாடா. சுவரை மாற்றிவிட்டேன், டிவி இருந்த தெற்குச் சுவருக்குப் போகிறது. டிவி எங்கே போகும் என்பதில் வீட்டில் தனிப் போராட்டம். உப்புக்காற்று அண்ணா, துடைப்பது எப்படி? அம்மா எங்களோடுதான் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுவார்கள்.

உப்புக்காற்று

அம்மாவிடம் முதலில் ஒன்று சொல்லி வையுங்கள்: இது உலோகம் என்றாலும் பாத்திரம் கிடையாது. நம் வீடுகளில் உலோகம் என்றாலே புளி, பீதாம்பரி, சபீனா. இந்த மூன்றில் எது பட்டாலும் பூச்சு போய்விடும். விபூதியைத் தொட்டுத் தேய்ப்பதும் கூடாது, அது நுண்ணிய உப்புத்தாள் வேலை செய்யும். சோடா கலந்த காரமான பாத்திரத் திரவம், பிளீச், அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதுவும் வேண்டாம்.

தூசிக்கு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி, அழுத்தாமல் மேலிருந்து கீழாக. மணல் துகள் ஒட்டியிருந்தால் முதலில் ஊதிவிட்டோ மென்மையான தூரிகையால் தட்டிவிட்டோ துடையுங்கள், அப்படியே தேய்த்தால் அந்தத் துகள்தான் கீறும். சாம்பிராணி, அடுப்பங்கரைப் புகையின் எண்ணெய்ப் பிசுக்குக்கு வெதுவெதுப்பான நீரில் ஷாம்பூ ஓரிரு சொட்டு, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, அடுத்து வெறும் நீரில் ஒரு முறை, அடுத்து உலர்ந்த துணி. ஓரங்களில் ஈரம் நிற்கக் கூடாது. கடலோரத்தில் இதை மாதம் ஒருமுறை செய்தால் உப்பும் போய்விடும். எதையும் படத்தின் மேல் நேராகத் தெளிக்காதீர்கள்.

மைக்கூடு

ஒரு சேர்ப்பு. சப்ளிமேஷன் என்றால் விரல் ரேகைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். யூவி அச்சில் ஆல்கஹால் வேண்டாம். மை மேலே இருப்பதால் சில மைகள் இளகும். நீங்கள் யூவி போடுவதானால் ஷாம்பூத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாட்டுகிற அன்றும் முகப்பில் கை வைக்காமல் ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். மூலைகள் கத்தி மாதிரி இருக்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் மூலையை உருட்டித் தரச் சொல்வது நல்லது. கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையாது, மூலை மடங்கும். மடங்கினால் நிமிர்த்த முயற்சி செய்யாதீர்கள், பூச்சில் விரிசல் விழும்.

பெட்டிக்கடை

எடை எவ்வளவு வரும்? வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஆணி அடிக்காமல் ஒட்டு டேப்பில் மாட்ட முடியுமா?

மைக்கூடு

3 மி.மீ. ஏசிபி சதுர மீட்டருக்கு 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 90 சதுரத்துக்கு மூன்று கிலோ சொச்சம், மாட்டும் பட்டைகளோடு சேர்த்து மூன்றரை. அதே அளவில் 3 மி.மீ. கண்ணாடி மட்டும் ஆறு கிலோ இருக்கும்.

படத்தின் பின்பக்கம் பட்டைகளை ஒட்டுவதற்கு விஎச்பி (VHB) என்ற வலுவான இருபக்க ஒட்டு டேப் போதும், தொழிலில் அதுதான் வழக்கம். பின்பக்கத்தை ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக அழுத்தி ஒட்டி, முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் விட வேண்டும். அவசரத்துக்கு அன்றே மாட்டச் சொல்கிற ஆளை நம்பாதீர்கள். சுவர்ப் பக்கம் மட்டும் டேப் வேண்டாம். அது பிடித்திருப்பது பெயின்ட்டைத்தான். நம் ஊர் டிஸ்டெம்பர் பட்டிப் பூச்சோடு உரிந்து வந்துவிடும், படமும் கூடவே. டிரில் போட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து, ஸ்க்ரூதான். சாய்வாக வெட்டிய இரண்டு அலுமினியப் பட்டைகள் கிடைக்கும். ஒன்று சுவரில், ஒன்று படத்தின் பின்னால், ஒன்றின் மேல் ஒன்று கொக்கியாக உட்காரும். துடைக்கத் தூக்கி இறக்கவும் எளிது. வாடகை வீட்டுக்காரர்கள் ஒரு மேசை மேல் சாய்த்து வைத்துக்கொள்ளலாம், கீழே நழுவாமல் ரப்பர் கொடுத்து.

சும்மா_வந்தேன்

ஒரு நியாயமான கேள்வி, முதன்முறையாக. கேன்வாஸை விட இவ்வளவு வேலை இருக்கே, பேசாமல் வெள்ளைப் பூச்சில் சப்ளிமேஷன் அடித்துவிட்டுப் போனால் என்ன குறைச்சல்?

கல்யாணிராகம்

பெரும்பாலான படங்களுக்கு அதுதான் சரியான பதில். மாஸ்க், வெள்ளை மை எல்லாம் தங்கம் இருக்கிற படத்துக்காக. ஒரு மலைக்காட்சியோ வெர்மீரோ என்றால் வெள்ளைப் பூச்சு, அரைப் பளபளப்பு, வேலை முடிந்தது. முழுப் பளபளப்பில் கறுப்பு ஆழமாக வரும், ஆனால் ஜன்னலும் தெரியும். மேட் எடுத்தால் ஜன்னல் தெரியாது, கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும். இடைப்பட்டது நம் வீடுகளுக்குத் தோது. திண்ணை சார் வீட்டம்மா கேட்டது க்ளிம்ட்டின் தங்கம். வெள்ளைப் பூச்சில் அடித்தால் அது நல்ல போஸ்டர், அவ்வளவுதான். அதற்கு இந்த மெனக்கெடல் தகும்.

திண்ணைவாசி

முடிவு செய்துவிட்டோம். யூவி, பிரஷ்டு ஏசிபி, முகத்துக்கும் பூக்களுக்கும் முழு வெள்ளை, பின்னணிக்குப் பாதி. முதலில் ஏ4 துண்டு. ஓரத்துக்கு லாக்கர். மாஸ்க் வெட்டத் தெரிந்த லேப் ஒன்று இங்கேயே கிடைத்தது, மைக்கூடு சார் சொன்னதை அப்படியே வாசித்துக் காட்டினேன், “நீங்க இந்த ஃபீல்டா சார்?” என்று கேட்டார். பாதி விலைக் கடைக்குப் போய் ஓரத்தைச் சுரண்டியும் பார்த்தேன். ஸ்டிக்கரேதான்.

கடைசி சந்தேகம். சுவர் மாறியதால் ஜன்னல் இப்போது படத்துக்கு இடது கைப்பக்கம் வருகிறது. பிரஷ் கோடு எந்தத் திசை?

மைக்கூடு

பக்கவாட்டு வெளிச்சம் என்றால் நிலைக்குத்துக் கோடு. அப்போதுதான் ஹாலின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடக்கும்போது மினுக்கம் கூடவே நகரும். கிடைக் கோடு போட்டால் குனிந்து நிமிர்ந்தால்தான் தெரியும். இதை வாய்மொழியாக விடாமல் ஆர்டர் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சதுரப் படம் பாருங்கள், ஷீட்டை எப்படித் திருப்பி வைத்தாலும் மெஷினில் பொருந்திவிடும், பையன் எந்தப் பக்கம் வைக்கிறானோ அதுதான் கோட்டின் திசை.